குடோனுக்குப் பின்னால்

பிப்ரவரி 3, சனி

பேரிங் கம்பெனிக்காரர் கொடுத்த டைரி ஒரு மாதமாகக் கடை மேசையில் சும்மா கிடந்தது. கார் பேச்சைச் சோற்றுத் தட்டின் முன்னால் இனி எடுக்கக் கூடாது என்று சுகந்தி உத்தரவு போட்டுவிட்டதால் இன்று முதல் இதில் பேசிக்கொள்கிறேன். இது குறுக்கே பேசாது என்பது ஒரு வசதி.

கதம்பக் கோப்பை என்கிற எங்கள் மாதாந்திரக் கார் பந்தயத்தில் இந்த வருஷத்தின் முதல் போட்டி நாளைக்கு. இன்று பிராக்டீஸ். பெயருக்கேற்ற மாதிரி இதில் எல்லா வகைக் காரும் ஓடும். என்னுடைய பழைய ஜென், யசோதா அம்மிணியின் ஆம்னி, சூலூர்க்காரர் ஒருவரின் அம்பாசடர், காலேஜ் பையன்களின் பளபளப்பான புதுக் கார்கள். இவற்றை ஒன்றாக நிறுத்திக் கொடி அசைத்தால் அம்பாசடர்க்காரர் பாவம் பொங்கலுக்குத்தான் வந்து சேருவார். அதனால் சனிக்கிழமை ஒவ்வொருவரும் தனியாக மூன்று சுற்று ஓட்டிக் காட்ட வேண்டும். பந்தயத்தை நடத்தும் ராயப்பன் சார் ஒவ்வொரு சுற்றையும் ஸ்டாப்வாட்சில் பிடித்து, இருப்பதில் நல்ல நேரத்தைக் கரும்பலகையில் எழுதுவார். ஞாயிற்றுக்கிழமை மெதுவான வண்டி முதலில் கிளம்பும், வேகமான வண்டி கடைசியில் கிளம்பும். எல்லோரும் கோட்டுக்கு ஒன்றாக வந்து சேர வேண்டும் என்பது அவர் கணக்கு. யார் தன்னுடைய சொந்த நேரத்தைவிட நன்றாக ஓட்டுகிறாரோ அவர் ஜெயிப்பார்.

எங்கள் ட்ராக் என்பது மூடிக் கிடக்கும் ஒரு பஞ்சாலையைச் சுற்றிப் போகும் தார் ரோடு. முன்பக்கம் எல்லோரும் நிற்கும் இடம். பின்பக்கம் பஞ்சு குடோன். குடோனுக்குப் பின்னால் நேராக ஒரு நீளமான ரோடு, அங்கேதான் முழு வேகம் பிடிக்க முடியும். அங்கே போகும் வண்டி யார் கண்ணுக்கும் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும்.

என் நேரம் சுமார்தான். போன வருஷத்தைவிட மோசம். குடோனுக்குப் பின்னால் எதிர்க்காற்று. வண்டியும் இழுக்கவில்லை.

நிறுத்தியதும் திருமூர்த்தி ஓடி வந்து ஜன்னலில் குனிந்தான். சுகந்தியின் தம்பி. பல்லடம் ரோட்டில் ஒர்க்‌ஷாப் வைத்திருக்கிறான். வாய் கொஞ்சம் நீளம். கண்ணைக் கட்டிவிட்டாலும் சத்தத்தை வைத்தே என்ன கார், என்ன கியர், கார்பரேட்டர் யார் செட் பண்ணியது என்று சொல்லுவேன் என்பான். சொல்லவும் செய்வான். நீள ஸ்க்ரூ டிரைவரின் முனையை இன்ஜினில் வைத்து, பிடியைக் காதில் வைத்து அவன் கண்ணை மூடிக்கொண்டால் ஒர்க்‌ஷாப்பில் ரேடியோவை நிறுத்திவிடுவார்கள். அப்புறம் என்னை ஓட்டச் சொல்லி, திரும்பி வந்ததும் ஒரே கேள்வி கேட்பான். ஆறு வருஷமாக அதே கேள்வி.

“இழுக்குதுங்களா மச்சான்?”

“குடோனுக்குப் பின்னால ஸ்பீடு ஏற ஏற இழுக்கல மாப்ள.”

அவன் முகம் சுருங்கிவிட்டது. பானெட்டைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூன்று சுற்று ஓட்டலாம், ராயப்பன் சாரிடம் கேட்டுக்கொள்ளலாம் என்றான். அதற்கு விதி இடம் கொடுக்கிறது. பிராக்டீஸ் முடிந்தால், இன்ஜினில் யாரும் கை வைக்காதபடி, பானெட்டின் மேல் கையெழுத்துப் போட்ட தாளை ஒட்டிவிடுவார்கள். ரிப்பேர் செய்தால் மறுபடி நேரம் எடுக்க வேண்டும், அவ்வளவுதான். எனக்கு அலுப்பாக இருந்தது, வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

பிப்ரவரி 4, ஞாயிறு

ஜெயித்துவிட்டேன்.

ஆறு சீசனாக மேடைக்குக் கீழே நின்று கைதட்டியவன். அம்பாசடர்க்காரர் எனக்குக் ‘கைதட்டல் கடைக்காரர்’ என்றே பெயர் வைத்திருந்தார். என் மோட்டார் பம்ப் கடையைச் சொல்லவில்லை என்று தெரியும். இன்று அவர் எனக்குத் தட்டினார். நான் அம்பாசடருக்கு அடுத்தபடியாகக் கிளம்பி, அதைச் சீக்கிரமே தாண்டி, பிறகு என்னை யாரும் தாண்டவில்லை. கடைசிச் சுற்றில் கண்ணாடியில் யசோதாவின் மஞ்சள் ஆம்னி பெரிதாகிக்கொண்டே வந்தது. கோட்டைத் தொடும்போது ஒரு வண்டி நீளம்கூட இல்லை. அந்தப் பெண் வாரம் முழுக்க அதே வேனில் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளைக் கொண்டுபோய் விடுகிறது, சனிக்கிழமை சீட்டுகளைக் கழற்றிவிட்டு இங்கே வருகிறது. திருப்பங்களில் அது ஓட்டுவதைப் பார்த்தால் நம் கால் பிரேக்கைத் தேடும்.

கோப்பை கொடுத்ததும் ராயப்பன் சார் வழக்கம்போல மைக்கில், “யாராச்சும் சாவி கேக்கறீங்களா?” என்றார். எல்லோரும் சிரித்தார்கள். எங்கள் தொடரில் இது ஒரு பழக்கம். ஜெயித்தவன் மேல் சந்தேகம் இருந்தால் தோற்றவர் யார் வேண்டுமானாலும் அவன் சாவியைக் கேட்டு வாங்கி, அடுத்த மாதப் பிராக்டீஸுக்கு முன்னால் அவன் வண்டியை மூன்று சுற்று ஓட்டிப் பார்க்கலாம். இடையில் வண்டி எத்தனை தரம் ஒர்க்‌ஷாப் போகும் என்று யாரும் யோசித்ததில்லை. யாரும் கேட்டதும் இல்லை. கேட்பது, நீ திருடன் என்று முகத்துக்கு நேராகச் சொல்வதற்குச் சமம். நான் யசோதாவைப் பார்த்தேன். நன்றாகவே கைதட்டிக்கொண்டிருந்தது.

ஓட்டியவனுக்குக் கோப்பை, வண்டியைத் தயார் செய்தவனுக்குத் துண்டு. அதுவும் பழக்கம். திருமூர்த்தி மேடைக்கு வர மாட்டேன் என்று அடம் பிடித்தான். “நேத்து வண்டி ஓடல. இன்னிக்கு ஓடுது. நடுவுல நான் ஒண்ணுமே பண்லீங்க. எனக்கு எதுக்குத் துண்டு?” என்றான். நான்தான் இழுத்துக்கொண்டு போனேன். போட்டோவில் அவன் மட்டும் சிரிக்கவில்லை.

பிப்ரவரி 5, திங்கள்

கோப்பையைக் கடையில் கல்லாவுக்குப் பின்னால் வைத்தேன். மோட்டார் காயில் கட்டக் கொடுத்திருந்த பெரியவர் எந்தக் கோவில் நோம்பித் திருவிழாவில் கொடுத்தது என்று கேட்டார்.

பிப்ரவரி 8, வியாழன்

காஸ் சிலிண்டர் வரவில்லை. சுகந்தி இரண்டு தரம் போன் செய்யச் சொன்னாள், ஒரு தரம் செய்தேன்.

திருமூர்த்தி வந்து ஜென்னை எடுத்துக்கொண்டு போனான். ஒரு வாரம் தன்னிடம் இருக்கட்டும் என்றான். நிரந்தரமாகக் கெட்டுப்போன வண்டியைப் பற்றி அவனுக்குக் கவலை கிடையாதாம். ஒரு நாள் கெட்டு மறுநாள் தானாகச் சரியாகிற வண்டிதான் ஆளைத் தின்றுவிடும் என்றான். இது ஒரு விஷயமா, அதுதான் ஜெயித்துவிட்டோமே, விடு என்றேன். ஜெயித்ததால்தான் விட முடியவில்லை என்றான்.

பிப்ரவரி 11, ஞாயிறு

சுகந்தி கல்யாணத்துக்குப் போயிருக்கிறாள். நான் கால் வலி என்று சொல்லிவிட்டு வீட்டில் இருக்கிறேன். எனக்குக் கால் வலி எதுவும் இல்லை.

காலைப் பற்றித்தான் எழுத வேண்டும். யாரும் படிக்காத டைரியிலும் எதிர்க்காற்று என்று எழுதி வைத்திருக்கிறேன். மூன்றாம் தேதிப் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் எனக்கே கூசுகிறது. அன்றைக்கு ஒரு இலைகூட ஆடவில்லை.

குடோனுக்குப் பின்னால் போனதும் ஆக்ஸிலேட்டரிலிருந்து காலை எடுத்தேன். மூன்று சுற்றிலும். கொஞ்ச நேரம்தான், ஒரு கொட்டாவி விடும் நேரம். அப்புறம் மறுபடி மிதித்து, முன்பக்கம் வரும்போது எல்லோரும் பார்க்கிற மாதிரி ஸ்டியரிங்கோடு மல்லுக்கட்டினேன். பல நாள் திட்டம் எல்லாம் கிடையாது. முதல் சுற்றில் அந்த இடத்துக்கு வந்தபோது, இங்கே யாரும் இல்லையே என்று தோன்றியது. கால் தானாக மேலே வந்துவிட்டது என்று எழுதப் பார்க்கிறேன். கால் தானாக வராது. நான்தான் எடுத்தேன்.

ஒரு தரம் மேடையில் ஏற வேண்டும் என்று ஆசை. நாற்பத்தாறு வயதில் இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. ஏறினேன். போட்டோவில் சிரிக்கிறேன்.

பிப்ரவரி 14, புதன்

கடையை மூடிவிட்டு ஒர்க்‌ஷாப் போனேன். ஜென்னின் கார்பரேட்டர் முழுக்கக் கழன்று ஒரு பேப்பரின் மேல் கிடந்தது. ஒவ்வொரு துண்டாகப் பெட்ரோலில் கழுவி, வெளிச்சத்துக்கு எதிராகத் தூக்கிப் பார்த்து, வரிசையாக வைத்திருந்தான். எல்லாம் நன்றாக இருக்கிறதாம். ஒன்றைக்கூட மாற்றவில்லையாம். நல்ல சாமானை மாற்றினால் கோளாறு எங்கே இருந்தது என்று கடைசிவரை தெரியாமல் போய்விடும் என்றான். பக்கத்தில் மூன்று வாடிக்கைக்காரர்களின் வண்டிகள் தூசி பிடித்து நின்றன.

இல்லாத கோளாறை எந்த மெக்கானிக்காலும் கண்டுபிடிக்க முடியாது. அது தெரிந்த ஒரே ஆள் நான், அவன் வாங்கிக் கொடுத்த டீயைக் குடித்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

கிளம்பும்போது அவன் தலையைக் குனிந்துகொண்டே, “மச்சான், எனக்குக் காதுல என்னமோ ஆயிருச்சுங்க” என்றான்.

ஏன் என்று கேட்டேன்.

“அன்னிக்கு குடோனுக்குப் பின்னால உங்க வண்டிச் சத்தம் எனக்கு வேற மாதிரி கேட்டுச்சுங்க. நீங்க சொன்னதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல.”

வேறு மாதிரி என்றால் எப்படி என்று கேட்க வாய் வரவில்லை. அவனும் சொல்லவில்லை. விடுங்க, சொன்னா உங்களுக்கே சங்கடமா இருக்கும் என்று மட்டும் சொன்னான்.

பிப்ரவரி 15, வியாழன்

கோப்பையைச் சுவர்ப் பக்கம் திருப்பி வைத்தேன். பெயர் பொறித்த பக்கம் தெரியாது. தூசி விழாமல் இருக்கும் என்று கடைப் பெண்ணிடம் சொன்னேன்.

பிப்ரவரி 18, ஞாயிறு

சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, குளித்து, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு போனேன். வெள்ளைச் சட்டை எதற்கென்று தெரியவில்லை. துக்கம் கேட்கப் போகிறவன் மாதிரி இருக்கிறது என்று சுகந்தி சொன்னாள்.

ஒர்க்‌ஷாப்பில் அவன் ஒரு வாடிக்கைக்காரரிடம், கார்பரேட்டர் வேலையை வேறு இடத்தில் பார்த்துக்கொள்ளுங்கள், பிரேக், கிளட்ச் மட்டும் நான் செய்கிறேன் என்று சொல்லிக்கொண்டிருந்தான். அந்த மனிதர் இருபது வருஷமாக இவனிடமே வருகிறவர். விளையாடுகிறான் என்று நினைத்துச் சிரித்தார். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டார்.

அவர் போனதும், “மாப்ள, உங்கிட்ட ஒண்ணு சொல்லணும்” என்றேன்.

அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். கை முழுக்க கிரீஸ். “நீங்க ஒண்ணும் சொல்ல வேண்டாங்க மச்சான். வேற ஆளா இருந்தா என்னைய நாலு பேர் முன்னால வெச்சுத் திட்டியிருப்பாங்க. நீங்க ஒரு வார்த்த சொல்லல. எனக்குத் தெரியுமுங்க” என்றான். கண் கலங்கியிருந்தது.

இதற்கு மேல் என்ன சொல்வது? சொல்லியிருக்கலாம். அதே இடத்தில், கையை விடுவித்துக்கொண்டு, நான்தான் காலை எடுத்தேன் என்று சொல்லியிருக்கலாம். அவ்வளவு சிறிய வாக்கியம். நானோ அவன் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். ஆமாம், இந்தக் கையால்தான். பெருந்தன்மையான மச்சானாக, சட்டையில் கிரீஸ் கறையோடு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 21, புதன்

சுகந்தி தன் தம்பியைக் காது டாக்டரிடம் கூட்டிப்போனாள். என்னையும் கூப்பிட்டாள். ஸ்டாக் எடுக்கிற வேலை இருக்கிறது என்றேன். ஸ்டாக் ஜனவரியிலேயே எடுத்தாகிவிட்டது.

சாயங்காலம் வந்து சொன்னாள். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, காதில் மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் பட்டனை அமுக்கச் சொன்னார்களாம். அவன் சத்தம் வராதபோதும் அமுக்கியிருக்கிறான். கேட்கவில்லை என்று எழுதிவிடுவார்களோ என்று பயமாம். மறுபடி முதலிலிருந்து செய்தார்கள். காது நன்றாக இருக்கிறது என்று டாக்டர் சொல்லியும் அவன் நம்பவில்லை. கருவிச் சத்தம் வேறு, இன்ஜின் சத்தம் வேறு என்று அவருக்கே விளக்கம் சொன்னானாம். சுகந்தி இதைச் சிரித்துக்கொண்டே சொல்லத் தொடங்கினாள், முடிக்கும்போது சிரிப்பில்லை.

“படிப்பு வராதுன்னு எல்லாரும் சொன்னப்ப அவனுக்குன்னு இருந்தது இந்தக் காது ஒண்ணுதானுங்க” என்றாள்.

நான் சாம்பாரில் உப்பு குறைவு என்றேன்.

பிப்ரவரி 23, வெள்ளி

மழை இல்லை, போர்வெல் மோட்டாருக்கு நல்ல விற்பனை. கடையில் நிற்க நேரமில்லை. இப்படியே இருந்தால் நன்றாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தபோது திருமூர்த்தி வந்தான்.

யசோதா வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருகிறானாம். நான் செய்த வண்டி பிராக்டீஸில் கோளாறாக ஓடியதால் ராயப்பன் சாரின் கணக்கே தப்பாகிவிட்டது, அதனால்தான் மச்சான் முன்னால் கிளம்பினார், உங்களுக்கு வர வேண்டிய கோப்பை என் தப்பால் கைமாறிவிட்டது என்று சொன்னானாம். அந்தத் துண்டையும் மடித்து எடுத்துப்போய்த் தயக்கத்தோடு நீட்டியிருக்கிறான்.

யசோதா என்ன சொன்னது என்று கேட்டேன்.

துண்டை வாங்கவில்லையாம். எந்த இடத்தில் இழுக்கவில்லை என்று உங்கள் மச்சான் சொன்னார் என்று மட்டும் கேட்டதாம். குடோனுக்குப் பின்னால் என்று சொல்லியிருக்கிறான். முன்பக்கம் எப்படி ஓடியது என்று கேட்டதாம். முன்பக்கம் நன்றாகத்தான் ஓடியது என்று சொல்லியிருக்கிறான். அதற்கப்புறம் உள்ளே எழுந்து போனதாம். காபி போட்டுக் கொடுத்து, நீங்க மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க என்று சொல்லி அனுப்பியதாம்.

“தங்கமான அம்மிணிங்க மச்சான்” என்றான்.

அவன் போன பிறகு ஒருவருக்கு ஒன்றரை எச்.பி. மோட்டாருக்குப் பதிலாக ஒரு எச்.பி. மோட்டாரைக் கட்டிக் கொடுத்துவிட்டேன்.

பிப்ரவரி 28, புதன்

யசோதா போன் செய்தது. பின்னால் பிள்ளைகள் கத்திக்கொண்டிருந்தார்கள். வேனை ஓரமாக நிறுத்திவிட்டுப் பேசுகிறேன் என்றது.

“ஏனுங்ணா, சனிக்கிழமை நான் சாவி கேக்கலாம்னு இருக்கறேன். திடீர்னு கேட்டா உங்களுக்கு ஒரு மாதிரி இருக்கும். அதான் முன்னாடியே சொல்லீட்டேன்.”

“தாராளமா ஓட்டிப் பாரு அம்மிணி” என்றேன். என் குரல் எனக்கே தெரியாத யாரோ ஒரு கடைக்காரருடையது.

“கோப்பைக்காக இல்லீங்ணா.”

“தெரியும்.”

“இன்னும் ரெண்டு மூணு நாள் இருக்குதுங்க” என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டது.

ஐந்து தரமாவது அந்தக் கடைசி வாக்கியத்தை நினைத்துப் பார்த்திருப்பேன். அது மிரட்டல் இல்லை. அந்த அம்மிணி எனக்குக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நிற்கிறது, அவ்வளவுதான்.

மார்ச் 1, வெள்ளி

இன்றும் சொல்லவில்லை.

மார்ச் 2, சனி

காலையில் திருமூர்த்திதான் ஜென்னை ஓட்டிக்கொண்டு வந்தான். என்னை ஏற்றிக்கொண்டு ட்ராக்குக்குப் போனோம். வழி முழுக்கப் பேசினான். எல்லாவற்றையும் கழற்றி எல்லாவற்றையும் அப்படியே மாட்டியிருக்கிறேன், ஒன்றும் புதுசு இல்லை, இன்றைக்கும் இழுக்காவிட்டால் கோபப்படாதீர்கள் என்றான். நான் ஜன்னல் வழியாக வெளியே பார்த்துக்கொண்டு வந்தேன். ஒவ்வொரு மைல்கல்லிலும், அடுத்த கல்லில் சொல்லிவிடலாம் என்று நினைத்தேன். பஞ்சாலையின் கேட் வந்துவிட்டது.

யசோதா நேராக ராயப்பன் சாரிடம் போய்ச் சாவி கேட்டது. அம்பாசடர்க்காரர் கையில் இருந்த வடையைக் கடிக்காமல் வைத்திருந்தார். ராயப்பன் சாருக்குக் கோபம்கூட வந்தது, நிஜமாகவா என்று கேட்டார். நிஜமாகத்தான் என்றது. நான் சாவியை நீட்டினேன். அது இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டது.

முதல் சுற்று போய் வந்தது. ராயப்பன் சார் வாட்சைப் பார்த்துவிட்டுப் புருவத்தைத் தூக்கினார். என் போன மாதப் பிராக்டீஸ் நேரம் எங்கோ பின்னால் கிடந்தது. திருமூர்த்தி என் தோளைப் பிடித்து, சரியாயிருச்சுங்க மச்சான், எப்படின்னுதான் தெரியல என்றான்.

தப்பித்துவிட்டேன் என்று நினைத்தேன். அதையும் எழுதிவிடுகிறேன். போன மாதம் கோளாறு, இந்த மாதம் சரி, யாரும் எதுவும் சொல்ல முடியாது என்று அந்த நிமிஷத்திலும் என் மனது கணக்குப் போட்டது.

இரண்டாவது சுற்றில் ஜென் குடோனுக்குப் பின்னால் மறைந்தது. சத்தம் ஏறிக்கொண்டே போனது. பிறகு சட்டென்று விழுந்தது. ஒரு கொட்டாவி நேரம். மறுபடி ஏறியது.

திருமூர்த்தி என் தோளிலிருந்து கையை எடுத்தான்.

ராயப்பன் சார் நேரத்தைச் சொன்னார். கரும்பலகையில் போன மாதம் என் பெயருக்கு நேராக எழுதியிருந்த அதே நேரம். மூன்றாவது சுற்று ஓட்டாமல் யசோதா வண்டியை எங்கள் முன்னால் நிறுத்தி இறங்கியது. என்னைப் பார்க்கவில்லை. திருமூர்த்தியிடம் போய், “வண்டில ஒரு கொறையும் இல்லீங்ணா. அன்னிக்கும் இருந்திருக்காது” என்று சொல்லிவிட்டுச் சாவியை அவன் கையில் வைத்தது.

அவன் சாவியைப் பார்த்துக்கொண்டே நின்றான். கோபம் வரும், அடிப்பான் என்றுகூட நினைத்தேன். அவன் முகத்தில் முதலில் வந்தது சந்தோஷம். அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

“இதே சத்தந்தானுங்க மச்சான். அன்னிக்கும் இதே சத்தந்தான் கேட்டுச்சு. கால எடுத்துட்டு மறுபடி வெச்ச சத்தம். எனக்கு அப்பவே தெரிஞ்சுதுங்க” என்றான். அப்புறம் மெதுவாக, யாருக்கோ விவரம் சொல்வதுபோல, “நீங்க இழுக்கலன்னு சொன்னீங்க. உங்களையும் நம்பி என் காதையும் நம்ப முடியுமுங்களா? அதான் காத விட்டுட்டேன்” என்றான்.

சந்தோஷம் அதற்குள் போய்விட்டிருந்தது.

நான் அப்போதுதான் வாயைத் திறந்தேன். ராயப்பன் சாரிடம், எல்லோருக்கும் கேட்கும்படி, காலை எடுத்தது நான், மாப்பிள்ளை மேல் தப்பே இல்லை என்று சொன்னேன். எல்லோருக்கும் தெரிந்த பிறகு சொன்னேன். அதற்கு என்ன மதிப்பு என்று எனக்குத் தெரியும்.

ராயப்பன் சார் என் பெயரைப் பட்டியலிலிருந்து அடிக்கவில்லை. இந்த வருஷம் முழுக்க எனக்கு நேரம் எடுக்கப் போவதில்லை, எல்லா வண்டிக்கும் கடைசியில் கிளம்பு என்றார். சத்தம் போடாமல்தான் சொன்னார்.

திரும்பி வரும்போது வண்டியை நான் ஓட்டினேன். திருமூர்த்தி பஸ்ஸில் போகிறேன் என்றான். கேட்டில் நின்று ஒன்று மட்டும் சொன்னான். “அக்காகிட்ட நான் சொல்ல மாட்டேனுங்க. நீங்களே சொல்லீருங்க.”

மார்ச் 3, ஞாயிறு

நேற்று வீட்டுக்கு வந்ததும் சுகந்தியிடம் சொல்லிவிட்டேன். இந்த ஒன்றையாவது யாரும் கண்டுபிடிப்பதற்கு முன்னால் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டே வெண்டைக்காய் நறுக்கினாள். முடித்ததும், டாக்டரிடம் போனபோது அவன் அழுதான், அதை நான் உங்களிடம் சொல்லவில்லை, சொல்லியிருந்தால் அன்றைக்கே சொல்லியிருப்பீர்களா என்று கேட்டாள். ஆமாம் என்று சொல்ல வாயெடுத்தேன். பொய் போதும் என்று தோன்றியது. தெரியவில்லை என்றேன்.

இன்று போகாமல் இருந்துவிடலாம் என்று பார்த்தேன். சுகந்திதான் போங்க என்றாள். எல்லோரும் கிளம்பிப் போன பிறகு, காலியான கோட்டில் நான் மட்டும் நின்றேன். கொடி விழுந்தது. குடோனுக்குப் பின்னால் போகும்போதெல்லாம் மிதித்தேன், பெடல் தரையைத் தொடும்வரை மிதித்தேன். கடைசியாகத்தான் வந்தேன். யசோதா ஜெயித்தது. போன மாதக் கோப்பையை அதனிடம் நீட்டினேன். அங்கே மேசையில் வெச்சுருங்ணா என்றது. வைத்தேன். பிறகு மேடைக்குக் கீழே போய் நின்று கைதட்டினேன். என் பக்கத்தில் கொஞ்சம் இடம் விட்டு நின்றார்கள்.

மார்ச் 9, சனி

ஒரு வாரம் கழித்து ஒர்க்‌ஷாப் போனேன். வேறு ஒர்க்‌ஷாப்புக்குப் போகலாமா என்றும் யோசித்தேன். அது அவன் பேரை இன்னொரு தரம் கெடுப்பதாகும்.

திருமூர்த்தி வாங்க மச்சான் என்றான். நாற்காலியைத் துடைத்துப் போட்டான். டீ சொன்னான். கார்பரேட்டர் வேலைக்கு வண்டிகள் மறுபடி வந்திருந்தன, இருபது வருஷத்து வாடிக்கைக்காரரின் வண்டியும் நின்றது. அதைப் பார்த்து எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லத் தோன்றியது. அதைச் சொல்லும் இடத்தில் நான் இல்லை.

ஜென்னின் பானெட்டைத் திறந்தான். ஸ்க்ரூ டிரைவரின் பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடினான். ரேடியோவை நிறுத்தினார்கள். ஒரு திருகலில் சத்தம் சீராகிவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டான். வழக்கம்போல என்னை ஓட்டச் சொல்லுவான் என்று நான் எழுந்தேன்.

அவன் டிரைவர் சீட்டில் உட்கார்ந்து தானே கிளப்பிக்கொண்டு போனான். நான் பாதி எழுந்தபடி நின்றேன். பல்லடம் ரோட்டில் வண்டி தேய்ந்து மறைந்து, திரும்பி வந்தது. இறங்கிச் சாவியை என்னிடம் கொடுத்தான். மரியாதையாகத்தான் கொடுத்தான். அடுத்த வண்டியின் பானெட்டைத் திறக்கப் போனான்.

அந்தக் கேள்விக்காகக் காத்திருந்தேன். டீ ஆறிவிட்டது. அவன் கேட்கவில்லை.

கடைசியில் நானே, “நல்லா இழுக்குது மாப்ள” என்றேன், வண்டியைத் தொடக்கூடச் செய்யாமல்.

அவன் நிமிரவில்லை. “நான் ஓட்டிப் பாத்துட்டனுங்க” என்றான்.